வெயில் நாளில் ஒரு லீவு

சலவைப் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு மழை வந்தால்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமை, நோம்பி, நல்ல நாள் எதுவும் கணக்கில்லை. அந்தக் காலத்தில் திருப்பூர்ப் பனியன் பெரும்பாலும் வெள்ளைதான். நிட்டிங் மிஷினிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக, எண்ணெய்க் கறையோடு வரும். அதைச் சோடாவில் வேகவைத்து, ப்ளீச்சிங் பவுடர்த் தண்ணீரில் முக்கி, அலசி, நீலம் போட்டுத் தரையில் விரித்துக் காயவைக்க வேண்டும். துணி காய்ந்தால்தான் கட்டிங். கட்டிங் நடந்தால்தான் தையல். ஆகவே வெயில் அடிக்கிற நாளெல்லாம் எங்களுக்கு வேலை நாள்.

எங்கள் பட்டறை வீரபாண்டிக்குப் போகிற வழியில் இருந்தது. பின்னால் பெரிய புல்தரை. அதில் துணி விரிப்பது என் வேலை. ஈரத் துணியைத் தோளில் சுமந்து போய், ஒரு முனையைக் கல்லால் அழுத்திவிட்டு, பின்னாலேயே நடந்து நடந்து விரிக்க வேண்டும். உச்சிப் பொழுதுக்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். வெள்ளைத் துணியில் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும். ராத்திரி படுத்துக் கண்ணை மூடினாலும் வெளுப்பாகவே தெரியும். பவுடர்த் தண்ணீரில் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மேகம் திரண்டால் பாய்லர்காரர் வெளியே ஓடிவந்து, வேப்பமரத்தில் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் டம்ளரை வைத்துவிட்டு வருவான். சந்தில் இருக்கும் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வருவார்கள். ரோட்டில் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி நாலு துணியை வாரிக் கொட்டகைக்குள் போட்டுவிட்டுத்தான் போவான். யாருடைய துணி, எந்தக் கம்பெனிச் சரக்கு என்று யாரும் கேட்பதில்லை. நனைந்தால் மறுபடி அலச வேண்டும், ஒரு நாள் போய்விடும், அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

எங்கள் வீடு பட்டறைக்கு அடுத்த சந்தில் இருந்தது. என் மனைவி வீட்டில் உட்கார்ந்தபடியே பனியனுக்குப் பிசிறு வெட்டுவாள். தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுக்கிற வேலை. முந்தின ஆவணியில் எங்கள் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று இருந்தோம். அதற்குப் பிறகு என் மனைவி வீட்டை விட்டு வெளியே போவது நின்றுவிட்டது. கோயிலுக்குப் போவதில்லை, அவள் அம்மா வீட்டுக்குப் போவதில்லை. குழாயடிக்குக்கூடப் பக்கத்து வீட்டு அக்காதான் குடத்தை எடுத்துக்கொண்டு போவார். பேச்சும் நின்றுவிட்டது. ‘சோறு போடட்டுங்களா’, ‘தண்ணி சுட்டுருச்சுங்க’, இவ்வளவுதான். நானும் பேசத் தெரியாதவன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். தண்டவாளம் அடிக்கிற சத்தம் கேட்டால் மட்டும் அவள் எழுந்து வருவாள். துணியை வாரிக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போது சித்திரையில் கோயமுத்தூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். பெரிய ராட்டினமும் பக்கத்திலேயே சர்க்கஸும் இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க, நாமளும் ஒரு நாள் போய்ட்டு வரலாமுங்களா?” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் தானாக எதுவும் கேட்டதில்லை.

“எங்கே?” என்றேன், தெரிந்துகொண்டே.

“ராட்டினத்துக்குங்க. அந்தக்கா சொல்லுது, மேல போனா ஊரே தெரியுமாமா.”

“போலாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படிப் போவது என்று தோன்றியது. இந்த ஒரு தடவை நடக்காமல் போனால் மறுபடி அவள் வாய் திறக்கமாட்டாள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமையென்றால் ராட்டினத்துக்குச் சாயங்காலமே டிக்கெட் தீர்ந்துவிடுகிறது, முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ரேடியோக் கடையில் கொடுக்கிறார்களாம். மறுநாள் பொழுதோடு துணியெல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிட்டு அங்கே போனேன். வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். ஐந்தாவது வரை படித்தவன், எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“எத்தனை பேருங்க?” என்றார் கடைக்காரர்.

“ரண்டுங்க. உள்ளே போறதுக்கும் ராட்டினத்துக்கும்.”

“எந்தத் தேதிக்குங்க?”

“தேதிங்களா?”

“ஆமாங்க. தேதி குத்தித்தான் தருவேன். அன்னிக்குத்தான் செல்லும்.”

“எனக்கு எப்ப லீவுன்னு தெரியாதுங்க.”

அவர் என் கையைப் பார்த்தார். பட்டறைக்காரன் கை, ஊறி வெளுத்துக் கிடக்கும். “சலவைங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“அப்ப மழை வந்தாத்தான் உங்களுக்கு லீவு. மழை வந்தா ராட்டினம் ஓடாது. உங்களுக்கு டிக்கெட்டு வித்தா எனக்குப் பாவம் புடிக்குமுங்க” என்று சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர், “ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லாட்டிக் கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க” என்றார். நான் நகர்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் கடைக்குள் பாடிக்கொண்டிருந்த ரேடியோக்களைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“கெடச்சுதுங்களா?” என்றாள்.

“லீவு கேட்டுட்டு வாங்கோணும்” என்றேன்.

“சரிங்க, உடுங்க” என்று சொல்லிவிட்டுப் பிசிறு வெட்டப் போய்விட்டாள். அவள் கோபித்திருந்தால் பரவாயில்லை. அந்தச் ‘சரிங்க’தான் என்னை விரட்டியது.

மறுநாள் பாய்லர்காரரிடம் சொன்னேன். அவர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர், யாரையும் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“வெயில்ல லீவு கேக்குற மொத ஆளு நீதான்டா மாப்ளே. நம்ம தொழில்ல அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. ஊர்ல யாரோ செத்துப் போயிட்டதாச் சொல்லு. பெரியப்பன் யாராச்சும் இருக்காரா?”

“இருக்கறாருங்க.”

“அவரைக் கொன்னுரு.”

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் வெயில் நாளில் எனக்குக் கிடைத்த லீவு ஒன்றே ஒன்று. அது போன ஆவணியில். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். விறகை அப்படியே போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேண்டாம்ப்பா. நேராவே கேளு” என்றார்.

நேராகக் கேட்பது எனக்கு வராது. முதலாளி மத்தியானத்தில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். காட்டில் விவசாயம் பார்த்து வளர்ந்தவர், பிறகு பட்டறை வைத்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனிகள் அவரை நெருக்கும், அவர் எங்களை நெருக்குவார். நான் போய் நின்றேன். இரண்டு நாள் அப்படிப் போய் நின்றேன். முதல் நாள், “என்னப்பா?” என்றார். “ஒண்ணுமில்லீங்க” என்று வந்துவிட்டேன். இரண்டாவது நாளும் நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துப் பாய்லர்காரர் உள்ளிருந்து கத்தினார்.

“மொதலாளி, அவனுக்கு ஒரு வெயில் நாளு வேணுமாம்!”

“வெயில் நாளா? எதுக்கு?”

“ராட்டினம் ஏற!”

அலசு தொட்டியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன், “பாத்துங்க, மேலருந்து கையக் கிய்ய உட்டுறப் போறாரு” என்றான். முதலாளியும் சிரித்துக்கொண்டேதான், “ராட்டினமா? உனக்கா?” என்றார்.

“ஊட்ல கேக்குதுங்க” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டில் என்ன நடந்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். “வர்ற ஞாயித்துக்கெழம காத்தால விரிச்சுப் போட்டுட்டுப் போ. திருப்பறதையும் எடுக்கறதையும் இவங்க பாத்துக்குவாங்க. ஆனா ஒண்ணு, அன்னிக்கு மழை கிழை வந்துச்சுன்னா…” என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. “போ, போய் வேலையப் பாரு” என்றார்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். பச்சை நிறத் தாள், தேதி ஊதா மையில் குத்தியிருந்தது. அவள் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது. பிறகு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். ஈரம் படக்கூடாது என்று.

அன்று ராத்திரி அக்கா வந்து உட்கார்ந்து எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். மத்தியான பஸ்ஸுக்குப் போக வேண்டும். கால் வலிக்குமுன் மிருகங்களைப் பார்த்துவிட வேண்டும். டெல்லி அப்பளம் தின்ன வேண்டும், ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் போதும், அவ்வளவு பெரிசு. ராட்டினம் மட்டும் அவசரப்பட்டு ஏறிவிடக் கூடாது. பொழுது இறங்கி, பல்பு போட்ட பிறகுதான் ஏற வேண்டும். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“மேல போறப்ப என்னக்கா தெரியும்?” என்று கேட்டாள் என் மனைவி.

“எல்லாந் தெரியும் கண்ணு. மருதமலை தெரியும், மில்லுக தெரியும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“நானெங்க பாத்தேன்? ஏறுனதுமே கண்ண மூடிக்கிட்டவதான், கீழ எறங்கித்தான் தொறந்தேன். பக்கத்துல இருந்த ஆளு சொன்னாரு.”

என் மனைவி உதட்டை மடித்துக்கொண்டாள். சிரிப்பு மாதிரி இருந்தது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பட்டறைக்குப் போனேன். அன்று பார்த்து வழக்கத்தைவிட அதிகச் சரக்கு. தோள் எரிய எரிய விரித்து முடிக்கும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். காலில் விளக்கெண்ணெய் தடவிச் செருப்புப் போட்டேன். அவள் எப்போதோ தயாராகியிருந்தாள். அரக்குச் சேலை, கையில் புளிச்சோறு கட்டிய தூக்குப் பாத்திரம். சந்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். பட்டறை வாசலில் நின்ற பாய்லர்காரர் பார்த்துவிட்டு, எதுவும் கிண்டல் சொல்லாமல் கையை மட்டும் தூக்கினார்.

பஸ்ஸில் கூட்டம். அவிநாசி வரை நின்றுகொண்டே போனோம். அங்கே கொஞ்சம் பேர் இறங்க, உட்கார இடம் கிடைத்தது. எனக்குக் கண் சொக்கியது. ஆனாலும் பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தேன். மேற்கே மலைப்பக்கம் வானம் கருக்கத் தொடங்கியிருந்தது.

“மழை வருமுங்களா?” என்றாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அது அந்தப் பக்கம் போயிரும்” என்றேன். போகாது என்று எனக்குத் தெரியும். காற்று எங்கள் முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

பொருட்காட்சியில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. என் மனைவி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஒரு டெல்லி அப்பளம் வாங்கினோம். அதில் தூவியிருந்த மிளகாய்ப் பொடி அவள் கண்ணில் விழுந்து, சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். ஒட்டகம் ஒன்று கட்டிப்போட்டிருந்தார்கள். அது எங்களைவிடக் களைத்துப் போயிருந்தது. எனக்குக் கால் வீங்கியதுபோல இருந்தது. எங்கேயாவது உட்காரலாம் என்றால் உட்கார இடமில்லை. பல்பு போட்ட பிறகுதான் ஏற வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாலும், மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டதைப் பார்த்து, “இப்பவே ஏறிரலாம்” என்றேன். அவளும் தலையாட்டினாள்.

ராட்டினத்துக்கு முன்னால் வரிசை நீளமாக இருந்தது. நாங்கள் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். அவள் ஒவ்வொரு பெட்டியும் மேலே போவதை அண்ணாந்து பார்ப்பாள். கீழே வரும்போது இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். ராட்டினத்துக்குப் பின்னால் சர்க்கஸ் கூடாரத்தின் பின்பக்கம் தெரிந்தது. அங்கே புல்லிலும் கயிறுகளிலும் சர்க்கஸ்காரர்களின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜிகினா வைத்தவை, வெள்ளைக் கால்சட்டைகள், விரிப்புகள்.

எங்கள் முறை வந்துவிட்டது. ராட்டினக்காரன் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினான். அப்போது முதல் துளி விழுந்தது. பெரிய துளி, புறங்கையில் பட்டென்று விழுந்தது.

பிறகு என்ன நடந்தது என்று யோசித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கால் தானாக ஓடியது. வரிசையை விட்டு, கயிற்றைக் குனிந்து தாண்டி, அந்தத் துணிகளை நோக்கி ஓடினேன். பார்த்தால் அவள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். தூக்குப் பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்று தெரியாது. கொடியில் கிடந்தவற்றை அவள் உருவி உருவித் தோளில் போட்டாள். நான் புல்லில் கிடந்தவற்றை முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தேன். பட்டறையில் எப்படி எடுப்போமோ அப்படியே. மழை வலுப்பதற்குள் ஒரு துணி பாக்கியில்லாமல் எடுத்துக் கூடாரத்தின் பின்பக்க ஓரத்தில் சேர்த்துவிட்டோம்.

“கள்ளன்! கள்ளன்!” என்று ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கட்டம் போட்ட கைலி, சட்டை, தலையில் துண்டு. மலையாளத்துக்காரி. அவளுக்குப் பின்னால் பயில்வான் மாதிரி ஒருவன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். கடைசியாக எடுத்ததை நான் இன்னும் நெஞ்சோடு அணைத்திருந்தேன், ஒரு ஜிகினாப் பாவாடை. ராட்டின வரிசையில் நனைந்துகொண்டே நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“பாவாடை திருடறான்டோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

நான் பாவாடையை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். என் மனைவிதான் முன்னால் வந்தாள். “உடுங்க அவரை. மழை வந்துருச்சுங்க, துணி நனைஞ்சுருமுங்க. அதுக்குத்தானுங்க” என்றாள். அந்த மலையாளத்துப் பெண் குவியலைப் பார்த்தாள். காய்ந்தது தனி, ஈரம் போகாதது தனி என்று என் மனைவி பிரித்து வேறு வைத்திருந்தாள். அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பயில்வானும் என் கையை விட்டுவிட்டான்.

“அய்யோ, உள்ளே வா சேச்சி. நனையண்டா, வா” என்று என் மனைவியைக் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த சின்னக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அது பெண்கள் உடை மாற்றுகிற கூடாரம் என்பதால் நான் வெளியே, ராட்டின டிக்கெட் கொட்டகையின் தகரத்துக்குக் கீழே போய் நின்றேன்.

மழை ஊற்றியது. ராட்டினம் நின்றுவிட்டது. எனக்குப் பட்டறை ஞாபகம்தான். நான் விரித்த துணியெல்லாம் என்ன ஆயிற்றோ, தண்டவாளம் அடித்திருப்பார்களோ என்று நின்ற இடத்தில் தவித்தேன். மறுநாள் போனபோதுதான் தெரிந்தது, திருப்பூரில் அன்று ஒரு பொட்டு மழையில்லை. “மழையைக் கையோட கூட்டிட்டுப் போயிட்ட மாப்ளே” என்றார் பாய்லர்காரர்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. பல்பு போட்டார்கள். ஈரத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தது. ராட்டினக்காரன் சாக்குத் துணியால் பெட்டிகளைத் துடைத்துவிட்டு, “டிக்கெட் வச்சிருக்கிறவங்க வாங்க, வாங்க” என்று கூவினான். மழைக்குப் பயந்து பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். வரிசையே இல்லை. நான் சந்தோஷமாக அவளைக் கூப்பிடப் போனேன்.

கூடாரத் துணிக்கு இந்தப் பக்கமே அவள் குரல் கேட்டது. எட்டு மாதமாக நான் கேட்காத குரல். நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“…சிரிச்சா ஒரு கன்னத்துலதானுங்க குழி உழுகும். சடை போட உக்காரவே மாட்டா. இழுத்துப் புடிச்சு உக்கார வெச்சா ஊரே கேக்கற மாதிரி கத்துவா…”

“எத்ர வயசு?” என்றாள் அந்தப் பெண்.

“பள்ளிக்கோடத்துல போடற வயசுங்க. காச்சல் வந்த அன்னிக்கும் பணியாரம் வேணும்னு கேட்டா. காச்சலோட எண்ணெப் பண்டம் எதுக்குன்னு நாஞ் சுட்டுத் தரலீங்க. மாவு இருந்துச்சுங்க. சுட்டிருக்கலாம். ரண்டு நாள் கழிச்சு அந்த மாவைத்தானுங்க எடுத்துக் கொட்டுனேன்.”

எனக்கு இது தெரியாது. பணியாரத்தைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அந்த மலையாளத்துப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவள் துணியை மடித்து வைக்கிற சத்தமும் ‘ம்’ கொட்டுகிற சத்தமும் கேட்டன. என் மனைவி அழவில்லை. சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே பேசுகிறவள்போலப் பேசினாள்.

கூப்பிடுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

“வர்றீங்களா இல்லியா?” என்று ராட்டினக்காரன் அங்கிருந்தே கேட்டான். “நீங்க ஓட்டுங்க” என்று கையைக் காட்டினேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஓட்டினான். பாதிப் பெட்டி காலியாகவே சுற்றியது. நான் கூடாரக் கயிறு கட்டிய முளையின் மேல் உட்கார்ந்தேன். முளை ஈரமாக இருந்தது. அன்று முழுக்க உட்கார எனக்குக் கிடைத்த முதல் இடம் அது. உள்ளே பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எப்போது பிறந்தாள், யார் ஜாடை, எந்தப் பாட்டுக்கு ஆடுவாள் என்று. சிலது எனக்குத் தெரிந்தது, சிலது தெரியாதது.

அவள் வெளியே வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. எங்கேயோ விட்ட தூக்குப் பாத்திரம் அவள் கையில் இருந்தது, அந்தப் பெண்தான் தேடி எடுத்துக் கொடுத்தாளாம். ராட்டினத்தைப் பார்த்ததும் நின்றாள்.

“ஓடுதுங்களே!”

“ஆமா.”

“எப்பப் புடிச்சுங்க?”

“கொஞ்ச நேரமா.”

என் முகத்தையும் நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தாள். “கூப்பிட்டிருக்கலாமில்லீங்க” என்றாள். “வேணும்னா இப்ப ஏறலாம். கடைசி பஸ்ஸுக்குப் போயிக்கலாம்” என்றேன்.

அவள் தலையைத் தூக்கி, ராட்டினத்துக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். மேகம் கலைந்து நட்சத்திரம் தெரிந்தது. “நாளைக்கு நல்லா வெயிலடிக்குமுங்க. உங்களுக்குக் காத்தால வேலை. வாங்க போலாம்” என்றாள்.

சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். பஸ்ஸில் இடம் கிடைத்தது. எனக்கு உடம்பெல்லாம் ஈயமாகக் கனத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன் என்று நினைத்தேன். பஸ் ஊரைத் தாண்டி இருட்டுக்குள் போனதும் அவள் மெதுவாக, “ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவ காச்சல் வந்த அன்னிக்குப் பணியாரம் கேட்டாளுங்க” என்று ஆரம்பித்தாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்படியா?” என்றேன். திருப்பூர் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.